மே மாதம் பந்தோடு கொடைக்கானல் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் என் ஃபோனுக்கு ஓய்வு கிடையாது. எங்கள் தெருப் பயல்களைக் கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கு செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆட அழைத்துப் போய் வருகிறேன். ஏழெட்டு வருடம் ஆகிறது. நான் கோச் இல்லை. அணியில் ஒருவனுக்கு அப்பா. மற்றபடி மேனேஜர், வேனுக்குப் பேசுகிறவன், வாந்திக்குக் கவர் பிடிக்கிறவன் எல்லாம் நான்தான். மதுரையில் செல்லூர், திருநகர், ஆனையூர் என்று எங்கிருந்து பேசினாலும் கேட்பது அதே கேள்விகள். இந்த வருடம் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணே, மேட்ச் சனிக்கிழமை காலையில. வெள்ளி ராத்திரி கிளம்பினா போதாதா?

போதாது. சனிக்கிழமை விடியக்காலை கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து மேலே 120 கிலோமீட்டர். நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, காலை ஐந்து மணிக்கு வேனை எடுத்தோம். வத்தலகுண்டு வரை கணக்கு சரியாகத்தான் வந்தது. பெருமாள்மலை தாண்டியதும் வண்டி நின்றது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஆளாளுக்கு நடுரோட்டில் வண்டியை விட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் வேனுக்குள்ளேயே ஸ்டட் மாட்டி, ஷின் பேட் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது எதிரணிக்கு வாக் ஓவர் கொடுத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு பந்துகூட உதைக்காமல் வெளியேறிய அணி நாங்கள். எங்கள் கீப்பர் திரும்பி வரும் வழியெல்லாம் கையுறையைக் கழற்றவே இல்லை.

அதிலிருந்து வழக்கம் இதுதான்: சனி மேட்ச் என்றால் வியாழன் காலையிலேயே கிளம்பிவிடுவோம். வார நாளில் ரோடு காலியாக இருக்கும். மூச்சு சம்பந்தப்பட்ட இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இ-பாஸ் கண்டிப்பா வேணுமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்கும் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த நடைமுறை இது. அரசின் இணையதளத்தில் பதிவு செய்து எடுக்கும் அனுமதிச் சீட்டு. கட்டணம் கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வருகிறோம், என்றைக்குத் திரும்புகிறோம், எங்கே தங்குகிறோம் என்று கேட்கும். அதனால் தங்குமிடத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 2025 சீசனில் வார நாட்களுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 6,000 என்று வரம்பும் கட்டினார்கள். நீங்கள் போகிற வருடத்து நிலவரத்தை அந்தத் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். "டிரைவர் போட்டிருப்பார்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேன் நல்லதா, பஸ் நல்லதா?

பத்துப் பன்னிரண்டு பையன்கள், இரண்டு பெரியவர்கள் என்றால் வேன். பை, பந்து, கோன் எல்லாம் ஏற்றலாம். வாந்தி வந்தால் நிறுத்தலாம். பெரிய டூரிஸ்ட் பஸ் பேச வேண்டாம். 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களை 2024 நவம்பரிலிருந்து மலைப்பாதையில் விடுவதில்லை. சிறிய குழு என்றால் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நேரடி பஸ் உண்டு. கூட்டமாக இருந்தால் வத்தலகுண்டு வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று மாறிப் போகலாம். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் அது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பையன்களுக்கு அதைச் சொன்னேன், "பரோட்டா எங்கண்ணே நல்லாருக்கும்?" என்று கேட்டார்கள்.

ரயில் யோசனை உள்ளவர்களுக்கு ஒன்று: கொடை ரோடு ஸ்டேஷன் பெயரில்தான் கொடை இருக்கிறது. இறங்கினால் சமவெளி. மேலே போக இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கும். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதில் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவுல பையன் வாந்தி எடுக்கிறான். என்ன செய்ய?

வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்றதும் ஆகாது. இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபோனைப் பிடுங்கி வையுங்கள், பாதி வாந்தி அதனால்தான். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். பின் சீட்டை வாந்தியே வராத தடியன்களுக்கு ஒதுக்குங்கள்.

தண்ணி பாட்டில் ரெண்டு கேஸ் எடுத்துட்டுப் போயிரலாமா?

நாங்களும் அப்படிப் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான். மலைக்கு மேல் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய். இரண்டு கேஸில் எத்தனை பாட்டில் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு 20 லிட்டர் கேன், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், ஒரு புனல். வேலை முடிந்தது. பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவனுக்கு வந்த சளி முழு அணிக்கும் வரும்.

மதுரையில ரெண்டு மணி நேரம் ஓடுற பய அங்கே பத்து நிமிஷத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். அவ்வளவு மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் வருகிற பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. பையன் சோம்பேறியாகிவிடவில்லை. ஒரு வாளி தண்ணீருக்குப் பதில் முக்கால் வாளியில் குளிக்கச் சொன்ன மாதிரிதான்.

உலகக் கோப்பை பார்க்கிற பயல்களுக்கு இதை வேறு மாதிரிச் சொல்லலாம். மெக்சிகோ நகரத்து அஸ்டெகா மைதானம் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1970 இறுதிப் போட்டியும் 1986 இறுதிப் போட்டியும் நடந்த இடம். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா பாதி மைதானத்திலிருந்து எல்லோரையும் வெட்டிக்கொண்டு ஓடி கோல் போட்டதும் அங்கேதான். ஆக, நம் ஏரிக்கரையில் நிற்கும்போது கிட்டத்தட்ட அஸ்டெகாவின் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். இதைச் சொன்ன நாளில் எங்கள் லெஃப்ட் விங் பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினான். பத்து நிமிடம்தான், பிறகு அவனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

உயரத்தில் ஆடுவது நியாயமா என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2007-ல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டி கூடாது என்றது. லா பாஸ் நகரத்தில் 3,600 மீட்டர் உயரத்தில் ஆடிப் பழகிய பொலிவியா கொதித்தெழுந்தது. அடுத்த வருடமே தடையை நிறுத்தி வைத்தார்கள். நம் மலை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பையன்களோடு ஆடுகிறோம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பயல் பள்ளிக்கூடம் போவதே மேடு ஏறித்தான்.

அப்போ ரெண்டு நாள் முன்னாடி போனா பழகிருமா?

முழுதாகப் பழகாது. உயரத்துக்கு ரத்தம் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். ஆனால் முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது, சிலருக்கு லேசாகத் தலை வலிக்கும். அந்த ராத்திரி மேட்ச்சுக்கு முந்தின ராத்திரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதோடு, எவ்வளவு வேகத்தில் ஓடினால் தாங்கும் என்று உடம்புக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிடும்.

வியாழன் சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடை, நடை மட்டும். ஏரிச் சாலை சுமார் 5 கிலோமீட்டர். வெள்ளி காலை அதே சுற்றை மெதுவாக ஓட வைத்து, மத்தியானம் சும்மா விட்டுவிடுவேன். அந்த ஏரி இயற்கையானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கட்டியது. ஒரு கலெக்டர் கட்டியதாலோ என்னவோ, மேலே இருக்கிற எல்லாவற்றிலும் நமக்குப் பங்கு உண்டு என்கிற நினைப்பு மதுரைக்காரர்களுக்குப் போகவே இல்லை. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது மதுரை மாவட்டம்தானே.

ஆடும் விதத்தையும் மாற்ற வேண்டும். முதல் பத்து நிமிடம் துரத்தித் துரத்தி பிரஸ் பண்ணுகிற அணி பதினைந்தாவது நிமிடத்தில் செத்துப்போகும். பந்தை ஓட விடுங்கள், பையன் ஓட வேண்டாம். செவன்ஸில் மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை இறக்கலாம் என்று விதியைக் கேட்டுக்கொண்டு, தாராளமாக மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ள பையனை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அழைத்து வராதீர்கள். வந்தால் இன்ஹேலர் பையில் இல்லை, கோச் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

பந்து வேற மாதிரி போகுதுங்கிறானுங்களே, நெசமா?

நிஜம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் தடையும் குறைவு. நீளமாக அடித்த பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும், வளைத்து அடித்தது நினைத்த அளவு வளையாது. ஃப்ரீ கிக் எடுக்கிற பையனை வெள்ளிக்கிழமை இருபது தடவை அடித்துப் பழக விடுங்கள். கீப்பருக்கும் அதே நேரத்தில் பாடம் ஆகிவிடும்.

இன்னொன்று: மதுரையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். பந்துக்குள்ளும் அதே சங்கதிதான். வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே இறுக்கம் கூடும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைத்தாலும் மொத்தத்தில் கல்லாகத்தான் இருக்கும். விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை. மதுரையிலேயே மேல் எல்லையை ஒட்டிக் காற்று அடித்து எடுத்துப் போகாதீர்கள். பம்ப்பும் ஊசியும் மேலே போய்ப் பார்த்துக்கொள்வதற்குத்தான். ஊசி இரண்டு வையுங்கள். ஒன்று கண்டிப்பாகத் தொலையும்.

துணி, ஷூ?

மே மாதத்தில் பகல் இருபது டிகிரியைச் சுற்றி, ராத்திரி பன்னிரண்டு பதின்மூன்று. மதுரை நாற்பதிலிருந்து போகிற உடம்புக்கு அது மார்கழி. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு குல்லா. வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்களைத்தான் குளிர் பிடிக்கும், அவர்களுக்குப் போர்வை கொண்டு போங்கள். குளிருகிறதே என்று வெயிலை மறக்க வேண்டாம். உயரத்தில் வெயில் தோலை இன்னும் வேகமாகச் சுடும். மூக்குத் தோல் உரிந்து வீடு திரும்பிய பையனின் அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

டர்ஃப் ஷூ ஈரப் புல்லில் வழுக்கும். சோலோடு சேர்த்து வார்த்த குமிழ்கள் உள்ள மோல்டட் ஸ்டட்தான் சரி. சாக்ஸ் மூன்று ஜோடி. நனைந்த ஷூவுக்குள் ராத்திரி பழைய பேப்பரைத் திணித்து வையுங்கள், காலைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும். ஹீட்டர் முன்னால் வைத்தால் சோல் விட்டுப்போகும்.

மழை வந்தா?

வரும். மே மாதம் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுவது அங்கே சகஜம். அதனால் காலை ஆட்டமாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் தூறலில் ஆடலாம், அதில் ஒரு சுகம் உண்டு. மூடுபனி இறங்கி எதிர் கோல் போஸ்ட் தெரியாமல் போய், எங்கள் பக்கம் நின்ற பெற்றோர் எல்லாம் சத்தத்தை வைத்தே "கோலா, அவுட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மேட்ச் ஒன்று உண்டு. கோல்தான், எங்களுக்கு எதிராக. ஆனால் இடி கேட்டால் விசில் வரும்வரை காத்திருக்காமல் பையன்களை வெளியே அழைத்துவிடுங்கள். மரத்தடி கூடாது, வேனுக்குள் அல்லது கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

எந்தப் போட்டி நம்பகமானதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நோட்டீஸில் பரிசுத் தொகை பெரிதாகவும் விதிகள் இல்லாமலும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வயது வரம்புக்கு எந்தத் தேதி கணக்கு, என்ன சான்று, ஆட்டம் எத்தனை நிமிடம், யாரோடு யார் ஆடுவது என்று லாட் எப்போது போடுவார்கள், மழை வந்தால் என்ன, தோற்ற அணிக்கு இன்னொரு மேட்ச் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். 120 கிலோமீட்டர் போய் ஒரே ஒரு நாக் அவுட் ஆடித் திரும்புவது பையன்களுக்குச் செய்கிற அநியாயம். லீக் முறையில் நடத்துகிற போட்டிக்கு, பரிசு வெறும் மெடலாக இருந்தாலும் நான் போவேன். மைதானத்தில் முதலுதவி, கழிப்பறை இரண்டும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பெண்பிள்ளைகள் அணி என்றால் உடை மாற்ற இடமும்.

எல்லோருடைய ஆதார் நகலும் ஒரு கவரில் என்னிடம், அதே கவரின் இன்னொரு நகல் கோச்சிடம்.

சித்திரைத் திருவிழாவும் போட்டியும் ஒரே வாரத்துல வந்தா?

விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் மதுரையில் ஏழு பேரைச் சேர்க்க முடியாது. ஒரு தடவை முயற்சி செய்தேன். ஒருவன் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்திருந்தான், இன்னொருவன் வீட்டுக்கு மானாமதுரையிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள்.

எங்கே தங்குறது? எப்போ புக் பண்றது?

பிரையண்ட் பூங்காவில் மே மாத நடுவிலோ கடைசியிலோ மலர்க் கண்காட்சி, கூடவே கோடை விழா. அந்த நாட்களில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும், அது உயரத்தால் வருவது இல்லை. போட்டித் தேதி தெரிந்த அன்றே சொல்லி வையுங்கள். ஏரிக்கரையைவிட நாயுடுபுரம், ஆனந்தகிரி பக்கம் மலிவாகக் கிடைக்கும். பையன்களுக்கு டார்மிட்டரி போதும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ஆளுக்கு ஒரு வாளியா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசுங்கள்.

சாப்பாடு?

மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி சோறு, பருப்பு, முட்டை. காலையில் இட்லியும் மலை வாழைப்பழமும். பிரியாணியும் சாக்லேட்டும் போட்டி முடிந்த பிறகு. குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

அம்மாவும் தங்கச்சியும் கூட வர்றாங்க. அவங்களுக்கு மைதானத்துல உட்கார்ந்தே பொழுது போகணுமா?

வேண்டாம், பாவம். வெள்ளிக்கிழமை நாள் முழுக்க அவர்களுக்குத்தான். காலை ஏழு மணிக்கே கோக்கர்ஸ் வாக் போனால் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் பனி வந்து திரை போட்டுவிடும். பில்லர் ராக்ஸும் குணா குகையும் ஒரே பாதையில்தான், ஆனால் சனி ஞாயிறில் அந்தப் பக்கம் தலை காட்டாதீர்கள். என்னைக் கேட்டால் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில், படிக்கட்டு வயல், பூண்டுத் தோட்டம், கூட்டம் குறைவு. கோடை விழா நடக்கிற சமயம் என்றால் ஏரியில் வாத்து பிடிக்கும் போட்டி வைப்பார்கள். எங்கள் பையன்கள் தங்கள் மேட்ச்சில் கத்தியதைவிட அதற்கு அதிகமாகக் கத்தினார்கள்.

குறிஞ்சி பூத்திருக்குமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

விளையாடுகிற பையனை மட்டும் இந்தச் சுற்றலில் சேர்க்காதீர்கள். மேட்ச் முடியட்டும், பிறகு படகு மிதிக்கட்டும்.

திரும்பி வரும்போது எதைப் பார்த்துக்கணும்?

ஞாயிறு பரிசளிப்பு சாயங்காலம் இழுத்துவிடும். இருட்டும் பனியும் சேர்ந்து இறங்குகிற நேரத்தில் வேனை எடுக்காதீர்கள். இன்னொரு ராத்திரி தங்கிவிட்டு திங்கள் காலை இறங்குங்கள். செலவுதான், ஆனால் நான் அதில் பேரம் பேசுவதில்லை. இறக்கத்தில் டிரைவர் இரண்டாவது கியரில் வருகிறாரா, பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். பிரேக் கருகுகிற வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடச் சொல்லுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும்.

வீட்டுக்கு மலைப்பூண்டு வாங்க மறக்காதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, தோல் லேசாகப் பழுப்பேறி, வாடை தூக்கலாக இருக்கும். வேனில் மட்டும் ஏற்கெனவே இருக்கிற பன்னிரண்டு ஜோடி ஈர சாக்ஸோடு அதைச் சேர்த்து வைக்காதீர்கள். வத்தலகுண்டு வந்து வெக்கை அடிக்கும்போது டிரைவரே இறங்கி நின்றுவிட்டார்.